லார்ப் களத்தில் கவசம்: விதி எழுதுவதும் தைப்பதும் அடி வாங்குவதும்

தலை முதல் கால் வரை இரும்புத் தகடு அணிந்தவரை வாளால் வெட்டிச் சாய்க்க முடியாது. ஐரோப்பாவின் பழைய சண்டை ஆசிரியர்களுக்கு இது நன்றாகவே தெரியும். இத்தாலியின் ஃபியோரே, ஜெர்மனியின் தால்ஹோஃபர் போன்ற 15-ஆம் நூற்றாண்டு ஆசிரியர்களின் படக் கையேடுகளைப் பாருங்கள். கவசக்காரர்கள் மோதும் இடங்களில் வாளின் நடுப்பகுதியைக் கையுறையால் பற்றி, ஈட்டியைப் போலக் குறுக்கிப் பிடித்து, அக்குளிலும் தலைக்கவசத்தின் கண்திறப்பிலும் செருகப் பார்க்கிறார்கள். வாளைத் தலைகீழாகப் பிடித்து அதன் குறுக்குக் கட்டையால் தலையில் அறைகிறார்கள். கட்டிப் புரண்டு கீழே தள்ளி, குத்துவாளை உருவி, இடுக்கு தேடுகிறார்கள்.

நுரை ஆயுதத்தோடு வேடமிட்டு மோதும் நம் லார்ப் விளையாட்டில் என்ன விதி? தலையில் அடிக்கக் கூடாது. உள்ளே தண்டு வைத்த ஆயுதத்தால் குத்தக் கூடாது. மல்லுக்கட்டக் கூடாது. கவசத்தை உண்மையில் வென்ற மூன்று வழிகளையும் நாம் பாதுகாப்புக்காக மூடிவிட்டோம். அதைச் சரியாகத்தான் செய்திருக்கிறோம். ஆனால் அதன் பிறகு "என் கவச விதி அப்படியே வரலாற்றுப்படி" என்று யாரும் சொல்ல முடியாது. மூடிய வழிகளுக்குப் பதிலாக ஏதோ ஒன்றை வைத்தாக வேண்டும். அந்த ஏதோ ஒன்றுதான் கவசப் புள்ளி, அதாவது உங்கள் கவசம் எத்தனை அடியைத் தாங்கும் என்ற எண். அந்த எண்ணைத் தகட்டின் தடிமனாக நினைக்காதீர்கள். எதிரி உங்கள் கவசத்தில் ஓர் இடுக்கைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதாக நினையுங்கள். கீழே நான் சொல்லும் எல்லாம் இந்த ஒரு நினைப்பிலிருந்துதான் வருகிறது.

நான் திருப்பூர்க்காரி. அப்பா பேட்டர்ன் மாஸ்டர். துணியை மேசையில் விரித்து வெட்டுவதைப் பார்த்தே வளர்ந்தேன். இப்போது ஹனோவரில் இருக்கிறேன். வார நாட்களில் அலுவலகம். மற்ற நேரத்தில் லார்ப் நண்பர்களுக்குப் பஞ்சுக் கவசம் (அடுக்கு வைத்துத் தைத்த தடித்த சட்டை) தைக்கிறேன், எங்கள் சிறு குழு நடத்தும் வாரக்கடைசி ஆட்டங்களுக்குச் சண்டை விதிகளையும் எழுதுகிறேன். லார்ப் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: கற்பனை உலகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் ஆளுக்கொரு பாத்திரமாக உடை அணிந்து, காட்டிலும் வயலிலும் நேரில் வாழ்ந்து ஆடுவது. ஆயுதங்கள் கண்ணாடியிழைத் தண்டின் மேல் நுரை ஒட்டி லேட்டக்ஸ் பூசியவை. ஹனோவருக்கு மேற்கே நீன்புர்க் மாவட்டத்தில் புரோக்கலோ என்ற சிற்றூர் இருக்கிறது. 2004 முதல் 'கான்குவெஸ்ட் ஆஃப் மித்தோடியா' அங்கேதான் கூடுகிறது. ஆயிரக்கணக்கானவர்கள் ஆகஸ்ட் வெயிலில் கூடாரம் அடித்து மோதிக்கொள்வார்கள். அந்த மாதிரிப் பெரிய களத்துக்குப் போகிறவர்களுக்கும், இருபது முப்பது பேரை வைத்துச் சொந்தமாக ஆட்டம் நடத்த நினைப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

எந்தக் குடும்பத்து விதி?

விதிப் புத்தகம் எழுத உட்காரும் முன், ஏற்கெனவே உலகத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான கேள்விகளுக்கு யாரோ பதில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

1966-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய, இடைக்கால ஐரோப்பிய வாழ்வை நடித்துப் பார்க்கும் எஸ்.சி.ஏ. (சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்) அமைப்பு பிரம்புத் தடியால் உண்மையாகவே ஓங்கி அடிக்கிறது. எனவே ஆட்கள் அணியும் கவசம் எலும்பைக் காப்பாற்ற. ஆனால் அடி செல்லுமா செல்லாதா என்று தீர்மானிக்கும்போது, களத்தில் இருக்கும் எல்லோரும் ஒரே கவசம் அணிந்திருப்பதாக வைத்துக்கொள்கிறார்கள்: பஞ்சுச் சட்டைமேல் இரும்பு வளையங்களைக் கோத்த வளையக் கவசம், மூக்குப் பட்டை வைத்த திறந்த தலைக்கவசம். நீங்கள் முழுத் தகட்டில் வந்தாலும் அதே கணக்குத்தான். அடி போதுமான பலத்தோடு விழுந்ததா என்று சொல்வது அடி வாங்கியவர். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. வாதம் செய்ய ஆளே கிடையாது.

1977-இல் வாஷிங்டன் டி.சி. வட்டாரத்தில் பிறந்த டாகோர்ஹிர் என்ற சண்டை விளையாட்டு வேறு வழியில் போனது. அங்கே நுரை ஆயுதம், நிறக் குறி. நீலம் ஒற்றைக் கை வெட்டு, சிவப்பு இரு கை ஆயுதம், பச்சை குத்து, மஞ்சள் அம்பு. கை கால் தனித்தனியாகப் போகும். உடலில் பட்டால் சாவு. கவசம் மூடிய இடத்தில் பட்ட முதல் வெட்டைக் கவசம் விழுங்கிக்கொள்ளும். சிவப்பு ஆயுதத்தின் இரண்டு பலமான அடி கேடயத்தை உடைத்துவிடும். வேகமான, விளையாட்டுத்தனம் கூடிய சண்டைக்கு இதைவிடத் தெளிவான விதியை நான் பார்த்ததில்லை.

ஜெர்மனியில் இரண்டு பள்ளிகள் நீண்ட நாளாக அருகருகே வாழ்கின்றன. ஒன்று புள்ளி விதி. உயிர்ப்புள்ளி இத்தனை, கவசப்புள்ளி இத்தனை, அடிக்கு ஒன்று கழியும். மற்றொன்றை எல்லோரும் டே-கா-வே-டே-டே-கா என்று எழுத்துகளாகவே சொல்வார்கள்: எதை நடித்துக் காட்ட முடிகிறதோ அது உன்னால் முடியும். அதில் எண்ணே இல்லை. அடிபட்டவர்தான் விளைவைத் தீர்மானிக்கிறார், அதை நம்பும்படி நடித்துக் காட்டுகிறார். அனுபவசாலிகள் கூடிய களத்தில் இதைப் போல உயிரோட்டமான சண்டை வேறு எதிலும் வராது. புதியவர்கள் நிறைந்த களத்தில் முதல் மணி நேரத்திலேயே யாரும் விழாத சண்டையாக முடியும். அதனால் புதுக் குழுவுக்கு நான் சொல்வது: சிறிய எண்களோடு தொடங்குங்கள், பழகிய பிறகு எண்களைக் கழற்றி வீசுங்கள்.

எண்களை மூன்றுக்குள் நிறுத்துங்கள்

எங்கள் குழுவின் விதியை அப்படியே தருகிறேன். எடுத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

உடம்பை ஐந்து பகுதியாகப் பிரிக்கிறோம்: நடுவுடல், இரண்டு கை, இரண்டு கால். கவசம் இல்லாத கை காலில் பட்டால் அந்த உறுப்பு பயன்படாது. கவசம் இல்லாத நடுவுடலில் பட்டால் விழ வேண்டும். பஞ்சுக் கவசம் மூடிய பகுதி ஓர் அடியைத் தாங்கும். பஞ்சின்மேல் வளையக் கவசம் என்றால் இரண்டு. பஞ்சின்மேல் தகடு என்றால் மூன்று. உள்ளே பஞ்சு இல்லாமல் வெறும் இரும்பு போட்டு வந்தால் ஒன்று குறையும். வளையமும் தகடும் ஒன்றன்மேல் ஒன்று இருந்தாலும் கூட்டிக்கொள்ளக் கூடாது. இரு கையாலும் வீசும் கோடரி, சம்மட்டி, தண்டாயுதம் இரண்டிரண்டாகக் கழிக்கும். அம்பு பஞ்சைக் கண்டுகொள்ளாது, மற்றவற்றில் ஒன்று கழிக்கும். கழிந்த புள்ளி தானாகத் திரும்பாது. சண்டை ஓய்ந்தபின் கவசக் கொல்லராக ஆடுபவரிடம் உட்கார வேண்டும். அவர் பத்து நிமிடமாவது சுத்தியும் இடுக்கியும் வைத்து வாரைச் சரிசெய்து வளையத்தைப் பார்ப்பார். வாள் பிடிக்க விருப்பமில்லாத நல்ல நடிகர்களுக்கு இதனால் ஒரு வேலையும் கூட்டத்தின் நடுவில் ஓர் இடமும் கிடைக்கிறது.

மூன்றுக்கு மேல் ஏன் போகக் கூடாது என்பதற்குக் காரணம் களத்தில் தெரியும். ஒருவருக்கு எட்டுப் புள்ளி கொடுத்துப் பாருங்கள். எதிரில் நிற்பவர் ஓங்கி வீசுவதை நிறுத்திவிடுவார். மணிக்கட்டைச் சுழற்றி, ஒரே இடத்தில் தட்டு தட்டு என்று தட்டத் தொடங்குவார். கணக்கு அவரை அங்கே தள்ளுகிறது. எண் ஏற ஏற வாள் எடையை இழக்கிறது, கோலாட்டக் குச்சியாகிவிடுகிறது. பிறகு "ஒவ்வொரு அடிக்கும் ஆயுதம் பின்னால் போய் வர வேண்டும்" என்று தனி விதி எழுதி, அதைக் காவல் காக்க நடுவர் வைத்து, அவரோடும் சண்டை. எண்ணைச் சிறியதாக வைத்தால் இந்த நோய் பெரும்பாலும் வருவதில்லை. வீச்சு விதியையும் எழுதத்தான் வேண்டும், ஆனால் அதை நினைவூட்டும் தேவை குறைந்துவிடும்.

எண் சரியா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. ஆட்டத்துக்குச் சில வாரம் முன்னால் ஒரு பூங்காவிலோ மைதானத்திலோ கூடுங்கள். முழுத் தகட்டில் ஒருவரை நிறுத்துங்கள். கவசம் இல்லாத ஒருவரோடு மோதவிட்டால் தகட்டுக்காரர் பெரும்பாலும் ஜெயிக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து வந்தால் யார் பக்கமும் போகலாம். மூன்று பேர் சூழ்ந்தால் அவர் விழ வேண்டும். மூன்று பேரையும் அவர் அடித்து முடித்துவிட்டால் எண் அதிகம். ஒருவரிடமே அடிக்கடி தோற்றால் குறைவு. ஏன் மூன்று பேர்? உண்மையிலும் ஒருவர் கையைப் பிடிக்க, ஒருவர் காலை வார, மூன்றாமவர் குத்துவாளைச் செருகியிருப்பார். மூன்று பேர் சூழ்ந்த பிறகு இடுக்கு கண்டுபிடிக்க நேரம் ஆகாது. நேரம் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

இதே காரணத்துக்காக எங்களிடம் இன்னொரு விதி உண்டு. இரண்டு பேர் ஒருவரின் இரண்டு தோளிலும் மெதுவாகக் கை வைத்து "பிடித்தோம்" என்று சொன்னால் அவர் அசைய முடியாது, கவசம் செல்லாது, மூன்றாமவர் குத்துவாளைக் காட்டினால் கதை முடிந்தது. கை வைப்பதற்கு மேல் ஒரு விரல் பலம் கூடப் பயன்படுத்தக் கூடாது. தொடுவது பிடிக்காதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் ஒரு முழம் தள்ளி நின்று கையை நீட்டினால் போதும்.

எது கவசமாகக் கணக்கில் வரும்

மூடிய இடம் மட்டுமே. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மார்புத் தகடு மட்டும் போட்டுக்கொண்டு காலில் பட்ட அடிக்கும் அதன் புள்ளியைக் கழிக்கும் முறை பல இடங்களில் இருக்கிறது. கணக்குக்கு எளிது என்பதால் பெரிய களங்களில் அதை ஒத்துக்கொள்கிறேன். சிறிய களத்தில் வேண்டாம். 1361 ஜூலையில் டென்மார்க் மன்னன் வால்டெமார் கோட்லாந்துத் தீவில் விஸ்பி நகரின் மதிலுக்கு வெளியே நாட்டுப்புறப் படையைச் சிதைத்தான். கோடை வெயில் காரணமோ என்னவோ, இறந்தவர்கள் பலரைக் கவசத்தைக்கூட முழுதாகக் கழற்றாமல் குழிகளில் போட்டு மூடினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் குழிகளைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. வெட்டுக் காயங்களில் பெரும்பங்கு முழங்காலுக்குக் கீழே. உடலைத் தகடும் கேடயமும் காத்தபோது வாள் காத்திராத இடத்துக்குப் போயிருக்கிறது. உங்கள் களத்திலும் அப்படியே நடக்கும், விதி அதை அனுமதித்தால். அப்போதுதான் ஆட்கள் கணைக்கால் தகடு வாங்கத் தொடங்குவார்கள், கேடயத்தைத் தாழ்த்தக் கற்றுக்கொள்வார்கள்.

ஒரு பகுதியின் முக்கால் பங்கு மூடியிருந்தால் மூடியது என்று வையுங்கள். முதுகில் ஒன்றும் இல்லாமல் முன்தகடு மட்டும் போட்டு வருபவருக்கு முன்னாலிருந்து படும் அடிக்கு மட்டும் புள்ளி.

தலைக்கவசம் ஒரு சிக்கல். தலையில் அடிக்கக் கூடாது என்பதால் அதற்கு வேலையே இல்லை. அதனால் யாரும் அணிவதில்லை. முழுத் தகட்டில் வந்து தலையில் மட்டும் காற்று வாங்குகிறார்கள். உண்மையான காலத்தில் ஏழைக் காலாள்கூட முதலில் வாங்க நினைத்தது தலைக்கவசம். எனவே தலையை மூடியவருக்கு நடுவுடலில் ஒரு புள்ளி கூடுதலாகக் கொடுங்கள், மூன்று என்ற வரம்பை இங்கே மட்டும் தாண்டலாம். அந்த ஒரு புள்ளிக்காகவே களத்தின் தோற்றம் மாறிவிடும்.

நுரைக் கவசம் செல்லுமா என்று கேட்கிறார்கள். ஈ.வி.ஏ. நுரையை வெப்பத் துப்பாக்கியால் வளைத்து, மேலே பூச்சுக் கொடுத்து, கறுப்பும் வெள்ளியும் துடைத்து எடுத்தால் மூன்றடி தள்ளி இரும்பு மாதிரியே தெரியும். என் தீர்ப்பு: தோற்றம் இரும்பாக இருந்தால் செல்லும், ஆனால் ஒரு புள்ளி குறைவு. எடையைச் சுமப்பவருக்கு ஏதாவது மரியாதை இருக்க வேண்டும். முதுகுவலி, மூட்டுவலி உள்ளவர்களுக்கு அந்தக் குறைப்பு கிடையாது. அவர்கள் காரணம் சொல்லவும் வேண்டாம்.

பஞ்சுக் கவசம் தைப்பது

கேம்பிசன் என்று கடைகளில் விற்கும் பஞ்சுக் கவசத்தை இரும்புக்குள் போடும் உள்ளாடை என்றே பலர் நினைக்கிறார்கள். தனியாகவே அது நல்ல கவசம். பிரான்சின் பதினோராம் லூயி காலத்து ஆணை ஒன்று, 25 அல்லது 30 மடிப்புப் பழைய லினன் துணியோடு மான்தோலும் வைத்துத் தைத்த சட்டையைப் படைவீரர்களுக்குக் கேட்கிறது. துணி அடுக்கு வெட்டையும் அம்பையும் எவ்வளவு தாங்கும் என்று துணியோடு வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பது அடுக்குத் துணியை மொக்கைக் கத்தரியால் வெட்டிப் பார்த்தாலே புரியும்.

நுரை வாளுக்கு முப்பது அடுக்கு வேண்டாம். வெளித்துணியாக 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) பருத்திக் கேன்வாஸ் அல்லது கனமான லினன். உள்துணி மெல்லிய லினன் அல்லது பருத்தி. நடுவில் பழைய கம்பளிப் போர்வை ஓர் அடுக்கு. ஜெர்மனியில் பழம்பொருள் சந்தைகளில் சுத்தக் கம்பளிப் போர்வை மலிவாகக் கிடைக்கும். பாலியஸ்டர் பஞ்சை வைக்காதீர்கள். வியர்வையை இழுக்காது, உடம்பு வேகும். அதைவிட முக்கியம், இரவு முழுவதும் நெருப்பைச் சுற்றித்தான் உட்காரப்போகிறோம். ஒரு பொறி பட்டால் கம்பளி கருகும், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

அளவெடுத்து அப்படியே வெட்டித் தைக்கத் தொடங்குகிறவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்யாதீர்கள். அடுக்கு வைத்துக் கோடு கோடாகத் தைக்கும்போது துணி உள்ளே இழுக்கும், அகலம் குறையும். முதலில் பெரிய செவ்வகமாக மூன்று அடுக்கையும் வெட்டுங்கள். நடுவிலிருந்து வெளியே நோக்கிக் கோடு தையுங்கள். மார்பிலும் முதுகிலும் 5 செ.மீ. இடைவெளி, கைகளில் 3 செ.மீ. எல்லாக் கோடும் ஒரே திசையில், மேலிருந்து கீழாக, தைக்கவேண்டும். ஒன்று மேலிருந்தும் அடுத்தது கீழிருந்தும் தைத்தால் துணி முறுக்கிக்கொள்ளும். கோடெல்லாம் முடிந்த பிறகே பேட்டர்னை மேலே வைத்து வெட்டுங்கள். மார்புச் சுற்றளவைச் சட்டைமேல் எடுத்து 12 முதல் 15 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். 18-ஆம் எண் ஊசி, நீளமான தையல். வீட்டுத் தையல் மிஷின் திணறும் இடம் அடுக்குகள் சந்திக்கும் தோள் மூட்டுதான். அங்கே மட்டும் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

கைத்துளைதான் உயிர். பெரிதாக வெட்டினால் கை தாராளமாக அசையும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. கையைத் தூக்கினால் முழுச் சட்டையும் கூடவே தூக்கும். கைத்துளை சிறியதாக, அக்குளுக்கு ஒட்டி உயரத்தில் இருக்க வேண்டும். அக்குளில் ஒரு சாய்சதுரத் துண்டு வைத்துத் தையுங்கள், அல்லது அந்த இடத்தைத் தைக்காமலே திறந்து விடுங்கள். காற்றும் போகும். பிரான்சில் லியோன் நகரத் துணி அருங்காட்சியகத்தில் ஒரு சட்டை இருக்கிறது. 1364-இல் போரில் இறந்த சார்ல் தெ புளுவாவுடையது என்கிறார்கள். அதன் கைகள் மார்பிலும் முதுகிலும் வட்டமாக உள்ளே ஏறி, துண்டு துண்டாக இணைத்து, தோள் மூட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் துணி இழுக்காதபடி வெட்டப்பட்டிருக்கின்றன. வெட்டுக் கலையில் அதைவிட உயர்ந்த ஒன்றை நான் அறியேன். துணி வேலை தெரிந்தவர்கள் அதன் பேட்டர்ன் படத்தைத் தேடிப் பாருங்கள்.

இடுப்பில் இறுக்கமாக இருக்கட்டும். மேலே ஏறப்போகும் இரும்பின் எடை இடுப்பெலும்பில் உட்கார வேண்டும், தோளில் தொங்கக் கூடாது. நீளம் நடுத்தொடை வரை. முன்னும் பின்னும் கீழே பிளவு விடுங்கள், இல்லாவிட்டால் ஓட முடியாது. தோளில் கவசத்தைக் கட்டும் நாடாவுக்குக் கையால் சுற்றித் தைத்த துளை போடுங்கள். அடித்துப் பொருத்தும் உலோக ஐலெட் எடை ஏறியதும் துணியைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். முடித்ததும் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள். கீழ் விளிம்பு ஒரு கையகலத்துக்கு மேல் ஏறினால் கைத்துளையைப் பிரித்து மறுபடி தையுங்கள். சோம்பல்படாதீர்கள். அந்த ஒரு தையலுக்காகக் கோடை முழுவதும் தோள் வலிக்கும்.

இரும்பு

வளையக் கவசத்தில் மூன்று வகை கடைக்கு வருகிறது. அலுமினியம் இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் சாம்பல் கறையை எல்லாத் துணியிலும் பூசும், பளபளப்பும் சற்று அந்நியமாக இருக்கும். முனைகளை வெறுமனே சேர்த்து வைத்த இரும்பு வளையம் இழுவிசையில் பிரியும். முனைகளைத் தட்டி ஆணி அடித்த வளையம்தான் பழையதற்கு நெருக்கம். ஐரோப்பியக் கடைகளில் விற்கும் இந்த மாதிரிக் கவசத்தில் கணிசமான பங்கு நம் நாட்டுப் பட்டறைகளில், டேராடூன், மீரட் பக்கம் செய்தது. தொடைவரை வரும் இரும்புச் சட்டை 10 கிலோவைத் தொடும், தாண்டவும் செய்யும். அணிந்தபின் அகலமான பெல்ட் கட்டி, மேல்பகுதியைச் சற்று இழுத்து பெல்ட்டின்மேல் தளரவிடுங்கள். பாதி எடை இடுப்புக்கு இறங்கிவிடும். நீண்ட கூந்தல் உள்ளவர்கள் பின்னி, துணியால் சுற்றி, சட்டைக்குள் விட்டபின்தான் இதைத் தொட வேண்டும். கழற்றும்போது குனிந்து கையை நீட்டிக் குலுக்கினால் அதுவே தலைவழியாக வழுக்கி விழும்.

தகடு வாங்கும்போது விளிம்பைத் தடவிப் பாருங்கள். விளிம்பு சுருட்டியிருக்க வேண்டும், பிசிறு கூடாது, கூரான ஆணித்தலை கூடாது, முள் கூடவே கூடாது. கூர்விளிம்பு உங்களைவிட உங்களை அடிப்பவரின் லேட்டக்ஸ் வாளையும் விரலையும்தான் முதலில் கிழிக்கும். களத்துக்குள் நுழையும் முன் கவசத்தையும் ஆயுதத்தையும் ஒரே ஆள் பார்ப்பது நல்லது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. மார்பகத்தைத் தனித்தனியாக உருவி எடுத்த தகடுகளை விற்கிறார்கள். வாங்காதீர்கள். இரண்டு மேட்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் வழுக்கி வரும் முனையை நேராக நெஞ்செலும்புக்கு இழுத்துக் கொடுக்கும். பழைய தகடுகள் நடுவில் உருண்டு, இடுப்பில் ஒடுங்கி, அடியைப் பக்கவாட்டில் சறுக்கிவிடுவதற்காகச் செய்தவை. அந்த உருண்டைக்குள் பஞ்சுச் சட்டையோடு எல்லா உடம்பும் அடங்கும். என்னுடையதும் அப்படித்தான்.

அடி வாங்குவது

விதியில் எழுத முடியாத பகுதி இதுதான். களத்தில் உண்மை என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது.

முதல் சிக்கல், தகடும் பஞ்சும் போட்டவருக்கு நுரை வாள் பட்டதே தெரியாது. அவர் ஏமாற்றுகிறார் என்று எதிரி நினைப்பார். அதனால் கவசம் கூடக் கூடப் பொறுப்பும் கூடும் என்று குழுவில் சொல்லி வையுங்கள். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தகட்டில் நுரை படும் சத்தம் வேறு, கேடயத்தில் படும் சத்தம் வேறு. சந்தேகம் வந்தால் பட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தவர் "அடிச்சேன், எண்ணு!" என்று கத்தக் கூடாது. உங்கள் பக்கத்தில் நிற்கும் தோழரே பாத்திரத்தோடு "உன் தோள்!" என்று சொன்னால் போதும்.

இரண்டாவது, ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஏதாவது பதில் சொல்ல வேண்டும். தகட்டில் வாள் பட்டால் காயம் இல்லை, ஆனால் அதிர்வு இருக்கிறது. அரை அடி பின்வாங்குங்கள், மூச்சைத் திரும்பப் பிடியுங்கள். வளையக் கவசம் வெட்டை நிறுத்தும், அடியின் கனத்தை நிறுத்தாது. கையில் பட்டால் ஆயுதத்தை ஒரு கணம் தாழ்த்துங்கள், விரல் மரத்துப்போனது போல. சம்மட்டி பட்டால் எலும்பு பட்டது போல முகம் மாறட்டும். கடைசி அடியில் ஒரேயடியாகச் செத்து விழவேண்டியதில்லை. ஒற்றை முழங்காலில் இறங்கி, கேடயத்துக்குப் பின்னால் ஒடுங்கி, இன்னொரு வீச்சுக்கு முயன்று, பிறகு சாயுங்கள். உங்களை வென்றவருக்கு நீங்கள் கொடுக்கும் பரிசு அது. அவர் வாரம் முழுக்க அதையே பேசிக்கொண்டிருப்பார்.

விழும்போது முழங்கால், இடுப்பு, தோள் என்ற வரிசையில் பக்கவாட்டில் விழுங்கள். மல்லாக்க விழாதீர்கள். விழும் முன் தரையைப் பாருங்கள். கூடாரக் கயிறும் முளையும் எல்லா இடத்திலும் இருக்கும், புரோக்கலோவில் எனக்குத் தெரிந்தவர்களின் கணுக்கால்களை வாளைவிட அதிகம் பதம் பார்த்தவை அவைதான்.

ஜெர்மன் களங்களில் ஒரு சொல்லை மட்டும் நடிப்பில் பயன்படுத்தவே கூடாது: "சானி", அதாவது முதலுதவிக்காரர். உண்மையான காயம், உண்மையான மயக்கம் என்றால்தான் அதைக் கூப்பிடுவார்கள். நாடகக் காயத்துக்கு "ஹைலர்" (வைத்தியர்) என்று கூப்பிட வேண்டும். சொந்த ஆட்டம் நடத்தினால் இதே போல ஒரு சொல்லைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். அதைக் கேட்டதும் சுற்றியுள்ள எல்லோரும் நிற்க வேண்டும்.

சூடு

லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கவசம் அணிந்தவர்களை டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் விட்டு, அவர்கள் செலவழிக்கும் ஆற்றலை அளந்தார்கள். 2011-இல் முடிவு வெளியானது. நடக்க இரண்டு மடங்குக்கும் மேல், ஓட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆற்றல். அதே எடையை முதுகில் மூட்டையாகச் சுமப்பதைவிட இது அதிகம், ஏனென்றால் காலில் கட்டிய இரும்பை ஒவ்வொரு எட்டுக்கும் வீச வேண்டியிருக்கிறது. மார்புத் தகடு ஆழமாக மூச்சு விடவும் இடம் தராது. கணைக்கால் தகடு வாங்கச் சொன்ன நானே சொல்கிறேன்: காலுக்கு மெல்லியதாக, காலோடு ஒட்டியதாக வாங்குங்கள்.

தண்ணீரோடு உப்பும் உள்ளே போக வேண்டும். தாகம் வரும்வரை காத்திருக்காதீர்கள். சண்டைக்கு முன்பே குடியுங்கள். தலைக்கவசத்தை ஒவ்வொரு ஓய்விலும் கழற்றுங்கள். ஒருவர் பேச்சு குழறினால், எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் விழித்தால், உடனே "சானி" கூப்பிட்டு, வார்களை அவிழ்த்து, நிழலில் கிடத்தி, உடம்பை ஈரத்தால் குளிர்வியுங்கள். அவிழ்க்க நேரமானால் நாடாவை வெட்டுங்கள். நாடாவை நான் மறுபடி தைத்துத் தருகிறேன்.

தமிழ்நாட்டில் ஆட நினைப்பவர்கள் ஜெர்மன் விதியை அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மார்கழி, தை மாதங்களில் விடிகாலைச் சண்டை, அல்லது நீலகிரி, கொடைக்கானல் பக்கம். கம்பளிக்குப் பதில் இரண்டு அடுக்குக் காடாத் துணி. வளையத்துக்கும் தகட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணில் வைத்துக்கொண்டு, களத்தில் மெல்லிய நுரைக் கவசத்தை முழுப் புள்ளியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். அங்கே எடையைப் பாராட்டும் விதியைவிட மூச்சைக் காக்கும் விதி முக்கியம்.

ஆட்டம் முடிந்த பிறகு

வீட்டுக்கு வந்ததும் தூங்கப் போகாதீர்கள். பஞ்சுக் கவசத்தை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, அகலமான ஹேங்கரில் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். கம்பளி வைத்ததை மிஷினில் போட்டுத் துவைத்தால் சுருங்கி அடுத்த ஆண்டு பட்டன் எட்டாது. வினிகர் கலந்த தண்ணீரைத் தெளித்து உலர்த்தினாலே நாற்றம் பெரும்பாலும் போய்விடும். வளையக் கவசத்தில் ஈரம் பட்டிருந்தால் உலர்ந்த மணலோடு ஒரு மூடிய வாளியில் போட்டு உருட்டுங்கள், துரு உதிரும். பிறகு எண்ணெய்த் துணியால் துடையுங்கள். தகட்டின் வார்களையும் பக்கிள் ஆணிகளையும் அன்றைக்கே பாருங்கள். ஆடும் ஆணி, கீறிய தோல்வார் எதுவாக இருந்தாலும் ஒரு சிவப்பு நூல் கட்டி வையுங்கள். குளிர்காலத்தில் பெட்டியைத் திறக்கும்போது எதைச் சரிசெய்ய வேண்டும் என்று நூலே சொல்லிவிடும். ஜூலையில் கவசம் செய்பவர்கள் எல்லோரின் பட்டறையும் நிறைந்திருக்கும், எனவே பழுதைப் பிப்ரவரிக்குள் கொடுத்துவிடுங்கள்.